வெள்ளரிக்காய்க்கு எதற்கு பிளாஸ்டிக் உறை? சமையலறைக் கழிவைக் குறைக்க ஒரு வரிசை

மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி விற்கப்படும் வெள்ளரிக்காயைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். தோலோடு விளைந்த காய்க்கு இன்னொரு தோல் எதற்கு? ஆனால் வெள்ளரியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரை நீண்ட நாள் பிடித்துவைக்கும் வலு அதன் தோலுக்கு இல்லை. உறையை உரித்துவிட்டு அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாளிலேயே முனை தொய்ந்து, மேல் சுருங்கி, கடைசியில் குப்பைக் கூடைக்குப் போகிறது. ஓரிரு கிராம் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கப்போய் முந்நூறு கிராம் உணவு வீணாகிவிடுகிறது.

வீட்டுச் சமையலறையில் உணவுக் கழிவும் பிளாஸ்டிக் கழிவும் இப்படிப் பின்னிக்கிடக்கின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது நகரும். சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்கினால் உணவு வீணாகாது, கவர் குவியும். பெரிய மூட்டையாக வாங்கினால் கவர் குறையும், உள்ளே இருப்பது கெடும். அதனால் எதை முதலில் குறைப்பது என்ற வரிசை முக்கியம்: முதலில் உணவு வீணாவதை நிறுத்த வேண்டும். அடுத்து, உணவைக் காப்பதில் எந்தப் பங்கும் இல்லாத பிளாஸ்டிக்கை நீக்க வேண்டும். மீதமாகும் தோலும் தொலியும் மட்குக்குப் போகலாம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாகச் சேர்ந்து 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 79 கிலோ. ஒரு தக்காளியைத் தூக்கி எறியும்போது அதற்குப் பாய்ச்சிய நீர், இட்ட உரம், ஏற்றிவந்த லாரியின் டீசல், குளிரூட்டிய மின்சாரம் எல்லாம் சேர்ந்தே வீணாகின்றன. உணவை விளைவிப்பது முதல் தட்டுக்கு வருவது வரை உலகெங்கும் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களில் பேக்கிங்கின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்காக பிளாஸ்டிக்கை அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. அதன் கேடு கார்பன் கணக்கில் முழுதாகத் தெரியாது, மண்ணிலும் கடலிலும் தங்குவதில் தெரியும். உலகில் சேரும் பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதமே மறுசுழற்சியாகிறது என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு.

ஒரு வாரம் எடை போடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பார்ப்பது நல்லது. ஒரு சமையலறைத் தராசும் இரண்டு கிண்ணமும் போதும். ஒரு கிண்ணத்தில் தின்ன முடியாதவை: எலும்பு, முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல். இன்னொன்றில் ஒரு காலத்தில் தின்னக்கூடியதாக இருந்தவை. இந்த இரண்டாவது கிண்ணத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் எடை போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்: மறந்துபோனது, அதிகம் சமைத்தது, தட்டில் மிஞ்சியது, தேதி முடிந்தது, வைத்த இடம் சரியில்லை. சிங்க்கில் ஊற்றிய பாலும் குழம்பும் கணக்கில் வர வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். பிளாஸ்டிக்கை எடை போட்டுப் பயனில்லை, கவர் ஒன்றும் கனக்காது. அதை எண்ணிக்கையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வாரம் வழக்கத்தை மாற்றாமல் இருப்பது அவசியம். கணக்கு எழுதுகிறோம் என்பதற்காகவே எல்லோரும் தட்டைக் காலி செய்தால் அந்தக் கணக்கால் உபயோகம் இல்லை. வார முடிவில் பட்டியலைப் பார்த்தால் பொதுவாக இரண்டு மூன்று பொருள்களே மொத்த எடையில் பெரும் பகுதியைப் பிடித்திருக்கும். கீரையும் சோறும் என்று வந்தால் அந்த இரண்டை மட்டும் சரிசெய்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பினால் பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

ஃப்ரிட்ஜுக்குள் எது எங்கே

ஃப்ரிட்ஜின் உள்வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். திருகில் உள்ள 1 முதல் 5 வரையான எண் பெரும்பாலான பெட்டிகளில் குளிரின் வேகத்தைக் காட்டுவது, டிகிரியை அல்ல. சரியாகத் தெரிய, ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பநிலை கதவு திறக்கும்போதெல்லாம் தாவும், தண்ணீருடையது நிலையாக இருக்கும். அளவு 4 டிகிரிக்கு மேல் இருந்தால் குளிரைக் கூட்டி, மறுநாள் மீண்டும் பார்க்கலாம்.

கதவுத் தட்டுதான் பெட்டியிலேயே சூடான இடம். பாலை அங்கே வைக்கும்படி வடிவமைத்திருப்பது வசதிக்காகத்தான். பாலும் முட்டையும் உள்ளே இருக்கட்டும். உப்பும் புளிப்பும் தூக்கலாக உள்ள ஊறுகாய், சாஸ் வகைகளைக் கதவில் வைக்கலாம். இறைச்சி, மீன் கீழ்த்தட்டில், விளிம்புள்ள தட்டின் மேல் இருக்க வேண்டும். அதன் நீர் சொட்டி மற்றவற்றில் படக் கூடாது. பின்சுவரை ஒட்டிக் கீரையை வைத்தால் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். பெட்டியை அடைத்து நிரப்பினால் குளிர்காற்று சுற்ற இடமில்லாமல் சில மூலைகள் சூடாகவே இருக்கும். ஃப்ரீசர் இதற்கு நேர்மாறு, நிறைந்திருந்தால் குளிரை நன்றாகப் பிடித்துவைக்கும்.

எல்லாக் காய்க்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். பழுக்காத தக்காளி குளிரில் பழுக்காமல் மாவாகிப்போகும். நன்றாகப் பழுத்துவிட்ட தக்காளியை ஓரிரு நாள் உள்ளே வைத்து, சமைக்குமுன் வெளியே எடுத்துவைப்பதில் தவறில்லை. வெள்ளரியும் கத்தரியும் 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் குழி விழுந்து நீர் கோத்துக்கொள்ளும். அவற்றை மூடிய டப்பாவிலோ துணியில் சுற்றியோ பெட்டியின் முன்பக்கம் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதைப் பொரிக்கும்போது சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். இருட்டான, காற்றோட்டமான இடமே கிழங்குக்குச் சரி. வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அந்தப் பச்சை நிறத்தால் கெடுதி இல்லை, ஆனால் கூடவே சோலனைன் என்ற கசப்பு நஞ்சும் ஏறியிருக்கும். லேசான பச்சையை ஆழமாகச் சீவிவிடலாம். கிழங்கு முழுக்கப் பரவியிருந்தாலோ கசந்தாலோ வீசிவிட வேண்டியதுதான். வெங்காயத்தைக் கிழங்கோடு ஒரே கூடையில் போடக் கூடாது. கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் வைக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவரிலேயே விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

காய்களையும் பழங்களையும் பிரித்துவைக்க எத்திலீன் வாயு இன்னொரு காரணம். ஆப்பிள், பேரிக்காய், பழுத்த வாழை, தக்காளி ஆகியவை பழுக்கும்போது இதை வெளிவிடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், ப்ராக்கோலி மலரும், கேரட் கசக்கும். கீழே உள்ள இரண்டு இழுப்பறைகளில் காற்றுத்துளையை மூடியதில் இலை வகைகளையும், திறந்ததில் பழங்களையும் வைத்தால் ஈரம், எத்திலீன் இரண்டுக்கும் சேர்த்து வழி பிறக்கிறது.

கீரைக் கட்டு அதிகம் வீணாவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கி வந்தவுடன் கட்டைப் பிரித்துவிட வேண்டும். கயிறோ ரப்பர் பேண்டோ இறுக்கிய இடத்தில் நசுங்கிய தண்டிலிருந்துதான் அழுகல் தொடங்கும். மஞ்சளான, கசங்கிய இலைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் ஒட்டியிருப்பதெல்லாம் அழுகும். இப்போது கழுவ வேண்டாம், மண்ணோடு இருக்கட்டும். கழுவியே ஆக வேண்டுமென்றால் உதறி, துணியில் பரப்பி, ஒரு சொட்டு நீர்கூட இல்லாமல் உலரவிட வேண்டும். அகலமான டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணி, அதன்மேல் நெருக்காமல் கீரை, அதற்கும் மேல் இன்னொரு துணி, பிறகு மூடி. இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, துணி நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். இலையைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும், இலையின் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். காற்று காய்ந்தால் இலை வாடும், மேற்பரப்பு நனைந்தால் கிருமி பெருகும். வெறும் பிளாஸ்டிக் கவர் முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதில் தோற்கிறது. உள்ளே வியர்த்து, இலை கொழகொழத்துப்போகும்.

வாடிய கீரை கெட்டுப்போன கீரை ஆகாது. குளிர்ந்த நீரில் 15, 20 நிமிடம் ஊறினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கொழகொழப்பும் நாற்றமும் வந்துவிட்டால் மட்டும் மட்குத் தொட்டிக்குப் போகட்டும். புதினா, கொத்தமல்லி போன்றவற்றின் தண்டு நுனியை நறுக்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில் நிறுத்திவைப்பதும் நன்றாகவே பலன் தரும். வெங்காயத்தாளின் வேரை மீண்டும் நட்டு வளர்க்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் உலவுகின்றன. ஜன்னலோரத்துக்கு அழகுதான், வாரக் கணக்கில் அது சேமிப்பது சில கிராம்.

சமைத்ததை ஆறவைக்கும் விதம்

சோறு மிஞ்சுவதற்கு முதல் காரணம் கண்ணளவு. பெரியவர் ஒருவருக்கு வேளைக்கு 70, 75 கிராம் அரிசி என்று தொடங்கி, நான்கைந்து முறை எடை போட்டுப் பாருங்கள். மிஞ்சினால் குறைத்து, போதாவிட்டால் கூட்டி, உங்கள் வீட்டு அளவு கிடைத்ததும் அதற்கென ஒரு கோப்பையில் கோடு போட்டுவிட்டால் தராசும் தேவையில்லை.

மிஞ்சியதைக் காப்பாற்றுவதில் பெரிய தவறு, ஆறட்டும் என்று இரவு முழுக்க மேடையிலேயே விட்டுவிடுவது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் அவகாசம். ஆழமான பாத்திரத்தில் நிறையக் குழம்பை அப்படியே உள்ளே வைத்தாலும் தொல்லை: ஓரம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். அகலமான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் பிரித்து ஊற்ற வேண்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறிவிட்டால் சீக்கிரம் ஆறும்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒரு வகையை மறுபடி சூடாக்கியும் அழிக்க முடியாது. ஊசிய வாடை வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டிருக்கும். உடனே குளிர்வித்த சோற்றை மறுநாளுக்குள்ளும், மற்றச் சமையலை மூன்று நான்கு நாளுக்குள்ளும் முடித்துவிடுவது பாதுகாப்பு. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை, அதாவது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதிய காகித ஒட்டுநாடா இருக்கட்டும். ‘முதலில் இதைத் தின்று முடி’ என்று எழுதிய ஒரு தட்டு கண் மட்டத்தில் இருந்தால், பின்னால் மறைந்து கெடுபவை கணிசமாகக் குறையும்.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதிகளைக் குழப்பிக்கொண்டு நல்ல உணவை வீசுவதும் நடக்கிறது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது, மீறக் கூடாது. ‘இந்தத் தேதி வரை சிறந்தது’ என்பது சுவை, மொறுமொறுப்பு பற்றியது. உலர்ந்த பிஸ்கட்டோ பருப்போ அந்தத் தேதிக்கு மறுநாள் விஷமாகிவிடாது. பூஞ்சை பூத்த ரொட்டி, ஜாம், மென்மையான பழம், சமைத்த உணவு ஆகியவற்றை முழுதாகவே வீச வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ், கெட்டியான பாலாடைக்கட்டி என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் 2.5 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைப்பது வீண். அந்தக் குளிரில்தான் அதன் மாவுச்சத்து மிக வேகமாக இறுகி வறளும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். பீன்ஸ், பட்டாணி போன்றவற்றைப் பச்சையாக உறையவைத்தால் உள்ளிருக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்து நிறமும் சுவையும் போய்விடும். பீன்ஸை 3 நிமிடமும் பட்டாணியை ஒன்றரை நிமிடமும் கொதிநீரில் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, துடைத்து, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகே டப்பாவில் கொட்ட வேண்டும். நேராக டப்பாவில் கொட்டினால் ஒரே பாறையாகிவிடும். உள்ளே போனவற்றின் பட்டியல் கதவில் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அடையாளம் தெரியாமல் வீசப்படும் கட்டியும் உணவுக் கழிவுதான், மின்சாரச் செலவோடு சேர்த்து.

எந்தப் பிளாஸ்டிக்கை முதலில்

உணவைக் காப்பதில் வேலையே இல்லாத பிளாஸ்டிக் எது என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும். வாழைப்பழச் சீப்புக்கு ஒரு கவர், நான்கு எலுமிச்சைக்கு ஒரு கவர், கிண்ணத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள், குழாய் நீர் நன்றாக உள்ள இடத்தில் தண்ணீர் பாட்டில். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் ஒட்டும் தாள் செய்யும் வேலையை அது செய்துவிடும். தேன்மெழுகு பூசிய துணி நல்ல பொருள்தான், ஆனால் அதற்கு வெந்நீர் ஆகாது, சுடச்சுட உணவும் பச்சை இறைச்சியும் ஆகாது. மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பா இத்தனை நிபந்தனை போடுவதில்லை.

துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி வீசும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்குக் குறைந்த பாதிப்பு என்று சொல்ல, ஒரு பருத்திப் பை 131 முறையாவது பயன்பட வேண்டும். பருத்தி விளைவிக்க அவ்வளவு செலவாகிறது. எனவே இருக்கிற இரண்டு பையைக் கிழியும்வரை கொண்டுபோவதில்தான் லாபம், இலவசமாகக் கொடுக்கும் துணிப்பைகளைச் சேர்ப்பதில் இல்லை.

பாக்கெட்டின் அளவைப் பொருளின் ஆயுளோடு பொருத்த வேண்டும். அரிசி, சர்க்கரை, உப்பு, பருப்பு ஆகியவற்றைப் பெரிய அளவில் வாங்கினால் கிலோவுக்குச் செலவாகும் கவர் குறைகிறது. வண்டு பயம் இருந்தால் வாங்கியவுடன் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து, கவரைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டலாம். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். முந்திரி, பாதாம், எள், முழுத்தானிய மாவு ஆகியவற்றில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். அவற்றைக் குறைவாக வாங்குவதே சரி. சாஷே பாக்கெட்டுகள்தான் எல்லாவற்றிலும் மோசம்: கிராமுக்குக் கணக்கிட்டால் மிக அதிகமான கவர், அதுவும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது. அந்த அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் அபூர்வம்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்லும். மறுசுழற்சியாகும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. 1, 2 எண் கொண்ட பாட்டில்களைப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், 5 ஊருக்கு ஊர் மாறும், 3, 6, 7 பெரும்பாலும் போகாது. கறுப்பு நிறத் தட்டுகளைத் தரம் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கண் பெரும்பாலும் காண்பதில்லை. எதைக் கொடுத்தாலும் அலசி உலர்த்திக் கொடுக்க வேண்டும். எண்ணெயும் குழம்பும் ஒட்டியிருந்தால் கூட இருக்கும் காகிதமும் பாழாகும்.

இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி வரிசை வாங்குவது புதிய கழிவு. கீறல் இல்லாதவற்றில் உலர்ந்த பொருளை வைக்கலாம். சூடான உணவையும் எண்ணெய்ப் பண்டத்தையும் அவற்றில் போட வேண்டாம், மைக்ரோவேவிலும் வைக்க வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக்கின் துகளும் வேதிப்பொருளும் உணவில் இறங்கும். கண்ணாடியை ஃப்ரீசரில் வைக்கும்போது மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கழுத்துக் குறுகிய ஜாடியென்றால் தோள்பட்டையில் விரிசல் விடும், நேர்ச்சுவர் ஜாடியே ஏற்றது.

மட்குத் தொட்டி

இவ்வளவுக்குப் பிறகும் தோல், காம்பு, சக்கை இருக்கத்தான் செய்யும். அவை குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட இது ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காற்றோட்டமான தொட்டியில் மட்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் இரண்டு பங்கு. இது எடையல்ல, கொள்ளளவு. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனைப் போல 25 முதல் 30 மடங்கு கார்பன் வேண்டும் என்பதால் இந்த விகிதம். துண்டுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டராக இருந்தால் சீக்கிரம் மட்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் அட்டை சேருங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். அம்மோனியா நெடி அடித்தால் ஈரக் கழிவு மிகுதி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, கிளறிவிட வேண்டும். பழ ஈ மொய்த்தால் ஒவ்வொரு முறையும் மேலே 5 சென்டிமீட்டர் காய்ந்த பொருளால் மூடாததே காரணம். இறைச்சியும் எண்ணெயும் சாதாரணத் தொட்டிக்கு ஆகாது, எலி வரும். அடுக்குமாடி வீட்டில் இடமில்லாதவர்களுக்கு பொகாஷி முறை உண்டு: காற்றுப்புகாத வாளியில் நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவித் தூவி நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அடியில் சேரும் நீரை வடித்து, நிறைந்தபின் இரண்டு வாரம் மூடிவைப்பது. வெளியே வருவது ஊறிப் புளித்த கழிவு, மட்கு இல்லை. அதை மண்ணில் புதைத்தால்தான் வேலை முடியும்.

மட்கைச் சலிக்கும்போது சல்லடையில் தங்குபவை மூன்று: பழங்களில் ஒட்டிய ஸ்டிக்கர், சில தேயிலைப் பைகளின் வலை, ‘மட்கும்’ என்று அச்சிட்ட கவரின் துண்டுகள். முதல் இரண்டிலும் பிளாஸ்டிக் உண்டு. மூன்றாவது பெரும்பாலும் தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ வகை, 55 முதல் 60 டிகிரி சூடு நீடிக்கும் ஆலைத் தொட்டிகளில் மட்கக்கூடியது. வீட்டுத் தொட்டி அவ்வளவு சூட்டில் நிற்பதில்லை, அது கிடந்தபடியே கிடக்கும். பாட்டில்களோடு மறுசுழற்சிக்குப் போட்டாலும் அங்கே கலப்படமாகிவிடும். தேயிலையைத் தூளாக வாங்கிக்கொள்ளலாம். ஸ்டிக்கரைத் தோல் உரிக்குமுன் பிய்த்துவிட வேண்டும், மட்கிலிருந்து பொறுக்குவது பெரும்பாடு.